சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். என்னை ‘மாமா’ என்று கூப்பிடுகிற பையன். அக்கா மகனா, ஒன்றுவிட்ட தங்கை மகனா, பழைய காலனி சிநேகிதர் மகனா என்று சொல்லப்போவதில்லை. உறவு, பக்கத்து வீடு எல்லாம் சேர்த்து என்னை மாமா என்று கூப்பிடும் பையன்கள் இருபது பேராவது தேறுவார்கள். அதில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்காக ஒரு பெயர் வேண்டுமே என்று அவனிடமே கேட்டேன்.

‘‘இருக்கறதுலயே போரான பேரா வைங்க மாமா.’’

குமார் என்று வைத்திருக்கிறேன். நிஜக் குமார்கள் மன்னிக்க.

காலேஜ் முதல் வருஷம் படிக்கிறான். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினான். ‘‘நீங்கதான் எதையாச்சும் படிச்சுக்கிட்டே இருப்பீங்களே. இதைப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.’’

பத்திரிகைக்காரனிடம் எல்லோரும் எதையாவது படிக்கக் கொடுப்பார்கள். கவிதைத் தொகுப்பு, சதாபிஷேக மலர், மாமனாரின் சுயசரிதை. ஒரு தடவை ஒருவர் தன்னுடைய சொத்து வழக்குக் கட்டையே கொடுத்தார். அந்த வரிசையில் ஒன்று என்று நினைத்து வாங்கிவைத்தேன். பிரித்தால் காமிக்ஸ். எனக்குச் சந்தோஷம். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவன் நான்.

இதில் மாயாவி இல்லை. ஆலிஸ் ஓஸ்மன் எழுதி வரைந்த ‘ஹார்ட்ஸ்டாப்பர்’, முதல் பாகம். இங்கிலாந்தில் ஓர் ஆண்கள் பள்ளி. சார்லி என்ற ஒல்லிப் பையன், டிரம்ஸ் வாசிப்பான். நிக் என்ற வாட்டசாட்டமான பையன், ரக்பி ஆடுவான். வகுப்பில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். ‘ஹாய்’ என்கிறார்கள். அந்த ‘ஹாய்’ கொஞ்சம் கொஞ்சமாகக் காதலாகிறது. வில்லன் என்று பெரிதாக யாரும் இல்லை. பனி கொட்டுகிறது, நாய் ஒன்று ஓடுகிறது, பக்கம் முழுக்க இலைகள் பறக்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

மறு வாரம் வந்தான். ‘‘எப்படி மாமா?’’

‘‘நல்லாருக்குடா. நீட்டா வரைஞ்சிருக்கு. நாய் பிரமாதம்.’’

‘‘நாயா?’’

‘‘ஆமா. ஏன்?’’

ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் பாகத்தை வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாகத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்தேன். கடைசிப் பக்கங்களுக்கு நடுவில் ஒரு பழைய பஸ் டிக்கெட் சொருகியிருந்தது. நிக் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் இடம். சொல்ல ஆரம்பித்து, தடுமாறி, ஒருவழியாகச் சொல்லிவிடுகிறான். அம்மா அவனைக் கட்டிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் மட்டும் ரொம்பத் தடவை புரட்டப்பட்டு ஓரம் மெலிந்திருந்தது.

நாயைப் பாராட்டிய மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் விமர்சனம் கேட்கவில்லை.

மணி பதினொன்றரை. ‘படிச்சுட்டேன்டா. புரிஞ்சுது’ என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே நீல டிக் வந்தது. பதில் வர நாற்பது நிமிஷம் ஆனது.

‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.’

*

அப்புறம் நடந்தது ஒரு விசித்திரமான டியூஷன். அவன் வாத்தியார், நான் மாணவன். மாதம் ஒரு புத்தகம். எல்லாமே ‘யங் அடல்ட்’ என்று கடையில் தனி அலமாரி போட்டு வைக்கிறார்களே, அந்த ரகம். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரைக்குமானது. நாற்பத்தாறு வயதில் நான் அதை வாசித்ததில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

படிக்கப் படிக்க, இதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் 1969-ல் ஜான் டானவன் என்பவர் எழுதிய நாவல்தான் இளைஞர்களுக்கான புத்தகங்களில் இந்த விஷயத்தை முதலில் தொட்டது என்கிறார்கள். டேவி என்று பதின்மூன்று வயதுப் பையன். பள்ளித் தோழனுக்கு ஒரே ஒரு முத்தம் கொடுக்கிறான். கொஞ்ச நாளில் அவன் உயிராக வளர்க்கும் நாய் கார் மோதிச் செத்துப்போகிறது. தான் செய்த காரியத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று அவன் மருகுகிறான். அதற்குப் பின் வந்த பல கதைகளிலும் இப்படித்தான், கடைசி அத்தியாயத்துக்குள் ஒரு கார் வந்துவிடும். நம் சினிமாவில் தப்பு செய்த கதாநாயகிக்குக் கிளைமாக்ஸில் ஒரு தோட்டா தயாராக இருக்குமே, அந்த மாதிரி.

1982-ல் நான்சி கார்டன் அந்தக் காரை நிறுத்தினார். ‘ஆனி ஆன் மை மைண்ட்’. நியூயார்க் மியூசியத்தில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு பெண்கள். அவர்களுக்கும் கஷ்டம் வருகிறது, பள்ளியில் விசாரணை நடக்கிறது, அவர்களுக்கு இடம் கொடுத்த இரண்டு டீச்சர்களுக்கு வேலை போகிறது. ஆனால் யாரும் சாகவில்லை. கடைசியில் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள், பிரியம் அப்படியே இருக்கிறது. இதைத்தான் சிலரால் பொறுக்கமுடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. செத்திருந்தால் விட்டிருப்பார்கள். 1993-ல் கன்சாஸ் சிட்டியில் அந்தப் புத்தகத்தைத் தெருவில் வைத்து எரித்தார்கள். பக்கத்திலிருந்த ஒலேத் என்ற ஊரில் பள்ளி நூலகங்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அங்கே படித்த மாணவர்கள் சிலர் பெற்றோரோடு கோர்ட்டுக்குப் போனார்கள். 1995-ல் நீதிபதி, புத்தகத்தை எடுத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம், திருப்பி வையுங்கள் என்று தீர்ப்பளித்தார். ஒரு லைப்ரரி புத்தகத்துக்காக ஸ்கூல் பையன்கள் கேஸ் போட்டார்கள் என்பதை நான் இரண்டு தடவை படித்தேன். எங்கள் காலேஜ் லைப்ரரியில் புத்தகத்தை எடுத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. நாங்கள் உள்ளே போனால்தானே?

எல்லாம் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் நாயைப் பாராட்டிய அதே ஹார்ட்ஸ்டாப்பருக்காக 2023-ல் ஹங்கேரியில் ஒரு பெரிய புத்தகக் கடைக்கு 12 மில்லியன் ஃபோரின்ட், அதாவது சுமார் 36,000 டாலர் அபராதம் போட்டார்கள். குற்றம் என்ன தெரியுமா? அந்தக் காமிக்ஸை பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டாமல் இளைஞர் பகுதியில் வைத்துவிட்டார்களாம். பரீட்சைக் கேள்வித்தாளுக்குப் போடுகிற பாதுகாப்பு, இலை பறக்கிற காமிக்ஸுக்கு.

*

மூன்றாவதாக அவன் கொடுத்த புத்தகம்தான் என்னைப் படுத்தியது. பெக்கி ஆல்பர்டல்லி எழுதிய ‘சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா’. 2015-ல் வந்தது. 2018-ல் ‘லவ், சைமன்’ என்று படமாகவும் எடுத்தார்கள்.

சைமன் பதினாறு வயதுப் பையன். அதே பள்ளியில் படிக்கும் இன்னொரு பையனுக்கு ஈமெயில் எழுதுகிறான். இரண்டு பேருக்கும் புனைபெயர். யார் யாரென்று தெரியாது. ஒருநாள் பள்ளி லைப்ரரி கம்ப்யூட்டரில் மெயிலை மூடாமல் எழுந்து போய்விடுகிறான். அடுத்து வந்து உட்காருகிற மார்ட்டின் என்ற பையன் அதைப் படித்து, படம் பிடித்து வைத்துக்கொண்டு, ‘எனக்கு ஒரு காரியம் ஆகணும், இல்லைன்னா...’ என்கிறான். காரியம் ஆகாத கோபத்தில், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கே போட்டு உடைத்துவிடுகிறான்.

மார்ட்டின் அசகாய வில்லன் எல்லாம் இல்லை. ஜோக் அடிப்பான். எல்லோரையும் சிரிக்கவைக்க ஆசைப்படுவான். பிற்பாடு மன்னிப்புக்கூட கேட்பான்.

சைமனுக்கு வரும் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்தது மட்டுமல்ல அவனுடைய வருத்தம். எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவனுடையதாக இருந்தது. அதை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். ஒரு தடவை போனால் போனதுதான், திருப்பித் தர வழியில்லை. இதில் ஒரு கொடுமை பாருங்கள். இந்தப் புத்தகத்தை எழுதியவருக்கே அது நடந்தது. ‘இவளுக்கு என்ன தெரியும், எங்கள் கதையை எழுத?’ என்று வருஷக்கணக்கில் விமர்சனம். கடைசியில் 2020 ஆகஸ்டில், தானும் இருபாலருக்கும் ஈர்ப்புள்ளவர்தான் என்று அவர் எழுதவேண்டி வந்தது. இப்படி, இந்த நெருக்கடியில் சொல்ல விரும்பவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். ஹார்ட்ஸ்டாப்பர் தொடரில் நிக்காக நடித்த கிட் கானர் என்ற பையனுக்கும் இதே கதி. ‘நிஜத்தில் நீ யார், சொல்லு’ என்று இணையத்தில் துரத்தி, 2022 அக்டோபரில் பதினெட்டு வயதில் சொல்லவைத்தார்கள். துரத்தியவர்களில் நிறையப் பேர் அந்தத் தொடரின் ரசிகர்கள். அது எப்படித்தான் பார்த்தார்களோ தெரியவில்லை.

குமார் கேட்டான். ‘‘இதுல யாரை மாமா பிடிச்சுது? அப்பாவா, சைமனா?’’

‘‘பிடிச்சுதான்னு தெரியலை. ஆனா மார்ட்டினை எனக்கு நல்லாத் தெரியும்’’ என்றேன்.

‘‘எப்படி?’’

சொல்லலாமா என்று யோசித்தேன். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

*

1999. பி.காம். இரண்டாம் வருஷம். தென் மாவட்டத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டல். ரெட்டி அண்டு மூர்த்தி எழுதிய அக்கவுன்டன்சி புத்தகம்தான் எங்களுக்கு வேதம், தலையணை, கேரம் போர்டுக்கு முட்டு எல்லாம்.

ஒன்பது என்ற எண்ணுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அட்டெண்டன்ஸில் ஒன்பதாம் நம்பர் வந்தவன் வருஷம் பூரா செத்தான். பி.காம்.காரர்களுக்கு இன்னொரு சங்கடம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அருமையான ரூல். எங்கள் புரொபசர் இதைச் சொன்ன அன்று வகுப்பே திரும்பி ஒரே ஒருத்தனைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது பெஞ்ச். மென்மையாகப் பேசுவான். முத்து முத்தான கையெழுத்து. அவனுடைய நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் எழுதுவோம். புரொபசருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா, தெரியாது. அவன் தலை நிமிராமல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் எவனோ அவனுடைய அக்கவுன்டன்சி புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவிட்டான். மூன்றாம் வருஷம் படித்த ஒரு அண்ணனுக்கு எழுதியது. கொடுக்காமல் வைத்திருந்தது. ராத்திரி மெஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ‘மாப்ளே, படிடா’ என்று ஒருவன் கையில் அதைத் திணித்தார்கள். பேச்சுப்போட்டியில் கப் வாங்கியவன் அவன். நல்ல குரல்.

என் குரல்தான் அது.

நான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். நாலு வரிதான், அதற்குள் மெஸ் முழுக்க தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது வரியில் நிமிர்ந்தால், அவன் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் தட்டோடு நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தான். அதைக் கழுவி, அடுக்கில் கவிழ்த்துவிட்டுத்தான் போனான். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மறுநாள் காலையில் அவனுடைய டிரங்க் பெட்டி இல்லை. செமஸ்டர் பரீட்சைக்கும் வரவில்லை. அந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கிழித்துப் போட்டேன். முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

கணக்கில் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடாவிட்டால், அந்தத் தொகையைத் தூக்கித் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சமமாகி, பார்க்க அழகாக இருக்கும். நான் அப்படிப் போட்டுத்தான் பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. வித்தியாசம் எங்கே என்று தெரிந்துதானே போட்டேன்.

2011-ல் யார் யார் மூலமாகவோ அவனுடைய நம்பர் கிடைத்தது. கூப்பிட்டேன். காலேஜ் பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன்.

‘‘சொல்லுங்க சார்’’ என்றான்.

சார்.

மன்னிப்பு கேட்க ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். எதுவும் சரியாக வரவில்லை. ‘‘அந்த லெட்டர்... நான் அன்னிக்கு...’’

‘‘எந்த லெட்டர் சார்?’’ என்றான். குரலில் கோபம் இல்லை. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. ‘‘நான் கொஞ்சம் வேலையா இருக்கேன், வெச்சுடட்டுமா?’’

அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டிருந்தால் அது என் நிம்மதிக்காகத்தான் இருந்திருக்கும்.

*

இதையெல்லாம் குமாரிடம் சொல்லி முடித்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவன் ஒன்றுமே சொல்லவில்லை. ‘வரேன் மாமா’கூட இல்லை. எழுந்து போய்விட்டான்.

மூன்று வாரம் வரவில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும். எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. தன் ரகசியத்தை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். கொடுத்த பிறகு, இவன் ஏற்கெனவே ஒரு ரகசியத்தைத் திருடியவன் என்று தெரிந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? சொல்லாமல் நல்ல மாமாவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அப்படி இருப்பதும் அவனை ஏமாற்றுவதுதானே?

அந்த மூன்று வாரத்தில் அவன் வீட்டில் ஒரு விசேஷத்துக்குப் போகவேண்டி வந்தது. அவன் அம்மா பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘‘உங்ககிட்டதான் எப்பவும் பேசிக்கிட்டு இருக்கான். ஏதாச்சும் லவ்வு கிவ்வுன்னு சொன்னானா? இருந்தா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் திட்டமாட்டேன்.’’ நிஜமாகவே நல்ல மனுஷி. சொன்னால் தாங்கிக்கொள்வார் என்றுகூடத் தோன்றியது. வாய்வரைக்கும் வந்தது. மெஸ்ஸில் படித்த வாய் இல்லையா, அதற்குப் பழக்கம். பாயசத்தை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் நானாக ஒரு புத்தகத்தைத் தேடி வாங்கினேன். ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் ஸீ’. 2005-ல் வந்த நாவல். அவர் கொழும்புக்காரர். தமிழ் அப்பா, சிங்கள அம்மா. 1983 கலவரத்துக்குப் பிறகு பத்தொன்பது வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். அவருடைய ‘ஃபன்னி பாய்’ பிரபலம், அது 1994. தீபா மேத்தா 2020-ல் அதைப் படமாக்கினார். இது அதற்குப் பின்னால், இளைஞர்களுக்காகவே எழுதியது. கொழும்பு, 1980. அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு ஒரு மாமன் மகன் வருகிறான். பள்ளியில் ‘ஒத்தெல்லோ’ நாடக ஒத்திகை நடக்கிறது. அந்த நாடகத்தின் பொறாமை இவனுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. தனக்கு வந்திருப்பது என்ன என்று அவனுக்கே மெதுவாகத்தான் தெரிகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் பையன்கள் அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார்கள். இவன் அதற்கும் முந்தைய படியில், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தவிக்கிறான். நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். சைமன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

புத்தகத்தை கூரியரில் அனுப்பினேன். உள்ளே சீட்டு கீட்டு எதுவும் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மெசேஜ். ‘இதுல யாருமே ஸ்வெட்டர் போடலை மாமா. எல்லாருக்கும் வேர்க்குது. சூப்பர்.’

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். மெஸ் கதையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ‘‘அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?’’

‘‘நாலு வரிதான் தெரியும். கையெழுத்து அழகா இருந்துச்சு.’’

தலையை ஆட்டினான். அப்புறம் வழக்கம்போல பேச ஆரம்பித்துவிட்டான். நான் அவனிடம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷைப் பற்றிச் சொன்னேன். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அவர் முன்னால் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கு இருக்கும் அறியாமையை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான், ஜூன் 7-ம் தேதி உத்தரவு எழுதினார். போலீஸ் தொல்லை கூடாது, ‘குணப்படுத்துகிறேன்’ என்று சிகிச்சை கொடுப்பது கூடாது என்றார். கேலிப் பேருக்குப் பதிலாக மரியாதையான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்ற பேச்சும் அந்த வழக்கிலிருந்து கிளம்பியதுதான். ‘தன்பால் ஈர்ப்பு’ என்று நான் சொல்லிக் காட்டினேன். குமார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

‘‘எங்கம்மாவுக்கு இது புரியுமா மாமா?’’

‘‘முதல் தடவை புரியாது.’’

‘‘அடுத்த வருஷம் சொல்றேன். டிகிரி முடிச்சுட்டுக்கூட சொல்லலாம். பார்ப்போம்.’’

‘‘உன் இஷ்டம்டா.’’

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அன்றைக்கே கேட்டேன். ஒரு நாள் அவகாசம் கேட்டான். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அவனிடம்தான் முதலில் கொடுத்தேன். மூன்று இடங்களில் மாற்றச் சொன்னான். மாற்றினேன். பந்தியில் பாயசம் இல்லை, வேறு ஏதோ. காலேஜில் அவன் முதல் வருஷமும் இல்லை.

படித்து முடித்துவிட்டுச் சிரித்தான்.

‘‘மாமா, இது வெளிவந்த அன்னிக்கு அந்த இருபது வீட்டுலேர்ந்தும் உங்களுக்கு போன் வரும். எங்க பையனான்னு கேப்பாங்க.’’

‘‘கேட்டா என்னடா சொல்றது?’’

‘‘ஒண்ணும் சொல்லாதீங்க. இருபது அம்மாவும் ஒரு வாரம் யோசிக்கட்டும்.’’